கண்மாய்க்குள் ஒரு கிண்டி

அருஞ்சுனை தம் ஆயுளில் ஒரு நாள்கூடக் குதிரைமேல் ஏறியதில்லை. ஆனால் ஆவரங்குளத்தில் யாரைக் கேட்டாலும், மெட்ராஸ் கிண்டியில் இருபத்திரண்டு வருஷம் பந்தயக் குதிரை ஓட்டியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் பாட்டுக்கு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, இரண்டு முழங்காலிலும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பார். ஊர்தான் அவரைக் குதிரையில் ஏற்றி வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பொய் சொல்லிப் பிழைத்த மனிதர் இல்லை. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஐம்பத்திரண்டாம் வருஷம் கிண்டிக்கு வேலைக்குப் போனவர், முதல் லீவில் ஊருக்கு வரும்போது, லாயத்தில் யாரோ தூக்கிப் போட்ட கோடு போட்ட ஜாக்கித் தொப்பியை வெயிலுக்கு மாட்டிக்கொண்டு வந்தார். ஆளும் குள்ளம், எலும்பும் தோலுமான உடம்பு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர் ஒருவர், "ஏலே, நீ குதிரையா ஓட்டுற?" என்று வாயைப் பிளந்தார். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்த அலுப்பு. அருஞ்சுனை சும்மா சிரித்துவைத்தார். அவர் பஸ் மாறி வருவதற்குள் அந்தச் சிரிப்பு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே அவர் பார்த்த வேலை வேறு. ஒரு பந்தயம் முடிந்து குதிரைகள் உள்ளே போனதும், பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகத் தடத்தில் இறங்குவார்கள். குளம்பு பெயர்த்துப் போட்ட புல்கட்டியை எடுத்து, அதே குழியில் வைத்து, ஒரு பிடி மணலைத் தூவி, காலால் மிதித்து அமுக்க வேண்டும். அடுத்த பந்தயத்துக்கு மணி அடிப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வெறுங்கால்தான், செருப்பு போட்டால் மேஸ்திரி கத்துவார். இருபத்திரண்டு வருஷம் குதிரை மிதித்ததை அவர் மிதித்தார். முழங்கால் போனது அப்படித்தான்.

அதில் ஒரு லாபமும் இருந்தது, யாரும் விலை கொடுத்து வாங்காத லாபம். தரை என்ன நினைக்கிறது என்று அவர் உள்ளங்காலுக்குத் தெரியும். கிண்டித் தரை சமதளம். மழை பெய்தால் உள்வேலி ஓரம் முதலில் ஊறிக் கனத்துவிடும், அன்றைக்கு விவரமான ஜாக்கி குதிரையை வெளியே கொண்டுவந்து ஓட்டுவார். இரண்டு கோடைக்கு அவரை ஊட்டிக்கும் கூட்டிப் போனார்கள். அங்கே மண் குளிர்ந்து பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கும், திருப்பத்தில் சறுக்கும், சமவெளிக் குதிரைக்கு மூச்சு வேறு வாங்கும். அதே குதிரைதான், அதே ஜாக்கிதான். தரை மாறினால் ஜெயித்தது தோற்கும். இதையெல்லாம் ஜாக்கிகளிடம் போய்ச் சொல்லுகிற இடத்தில் அவர் இல்லை. குனிந்த தலை நிமிராமல் மிதித்துவிட்டு வந்தார்.

முழுப் பொய் என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மகள் முருகேஸ்வரியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சொன்னது. மாப்பிள்ளை நல்லமுத்து அருப்புக்கோட்டையில் குதிரை வண்டி ஓட்டுகிறவர். பலகாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவர், கூச்சத்தோடு, "மாமா, மழையில ஓட்டியிருக்கீகளா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அருஞ்சுனைக்கு வாய் வரவில்லை. ஊட்டியில் வேறொருவர் கொட்டுகிற மழையில் சரிவிலே ஓட்டி ஜெயித்ததைத் தாம் ஓட்டியதாகச் சொன்னார். பார்த்ததைத்தானே சொன்னோம் என்று மனசுக்கு ஒரு சமாதானம். கல்யாணம் முடிந்தது. அந்தப் பழைய தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் மாப்பிள்ளை.

குதிரைப் பந்தயத்தையே நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருஷம் அருஞ்சுனை ஊரோடு வந்துவிட்டார். இனிச் சாகிறவரைக்கும் ஒரு குளம்பைக்கூடப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஆசை. அந்த ஆசையில் மண்ணைப் போட வந்தவர் காசிராஜன்.

காசிராஜனுக்கு அருப்புக்கோட்டையில் பருத்தி அடைத்து வைக்கிற கிட்டங்கி இரண்டு. குலதெய்வம் ஆவரங்குளத்தில். மழையில்லாமல் கண்மாய் மூன்று வருஷமாகக் காய்ந்து கிடக்க, பங்குனிப் பொங்கலுக்கு அதற்குள்ளேயே குதிரைப் பந்தயம் விடுவது என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மெட்ராசில் ஓடிக் கழித்துவிட்ட செவலைக் குதிரை ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கிண்டி ஜாக்கி மருமகன் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று நல்லமுத்துவைப் பிடித்து அதன்மேல் ஏற்றினார். வண்டிக் குதிரையைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போவதைத் தவிர நல்லமுத்துவுக்கு வேறு சவாரி தெரியாது.

"அண்ணே, பந்தயத்துக்கு முன்னால கிண்டியில தரையை என்ன செய்வாக?" என்று காசிராஜன் ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"தண்ணி தெளிப்பாக அண்ணாச்சி. உருளை விடுவாக." ஆள் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது அருஞ்சுனைக்கு. அது புல்தரைக்கு, கரிசலுக்கு ஆகாது என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லச் சோம்பல். கண்ணை மூடிக்கொண்டார்.

பொங்கலன்று காலையில் நல்லமுத்து வந்தார். பச்சைப் பட்டில் ஜாக்கிச் சட்டை தைத்துப் போட்டிருந்தார், தலையில் அந்தத் தொப்பி. கூடவே முருகேஸ்வரி, ஏழு மாத வயிறு. அருஞ்சுனையின் மனைவி வெள்ளைத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை; பக்கத்து வீட்டுப் பேச்சியைக் கூப்பிட்டு மருமகனைக் காட்டினாள்.

"மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க," என்று காலில் விழுந்தார் நல்லமுத்து. எழுந்தவர் மெதுவாக, "உள்ளுக்குள்ள ஒதறல்தான். ஆனா ஒங்க ரத்தம் முருகேஸ்வரிகிட்ட ஓடுது, அவ என் வீட்டுல இருக்கா. அந்தத் தைரியத்துலதான் ஏறுறேன்," என்றார்.

அவர்கள் போனதும் அருஞ்சுனை ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கு நடந்தார். பந்தயத்தன்று தரையைக் காலால் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பழகிய நாய்ப் பிழைப்பு, விட்டாலும் விடாது.

தடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மடையில் தொடங்கி, கரையை ஒட்டி நேராகப் போய், கருவேல மரங்கள் நிற்கிற இடத்தில் திரும்பி, கண்மாய் நடுவில் வளைந்து மறுபடி மடைக்கு வந்தது. கரை ஓரம் கெட்டி மண், கவலையில்லை. ஓடை வந்து விழுகிற இடத்தில் மணல், குதிரை கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். கருவேலமரத் திருப்பத்தில், உள்பக்கமாக, குதிகாலை ஊன்றி ஒரு மிதி மிதித்தார். கெட்டி மண்ணை மிதித்தால் மண் காலைத் திருப்பித் தள்ளும். இது தள்ளவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்து மிதித்தார். அங்கேயும் அப்படித்தான். மேலே பொருக்கு, கீழே ஒன்றுமில்லை.

இங்கே என்ன செய்தீர்கள் என்று கம்பு நட்டுக்கொண்டிருந்த வேலையாளிடம் கேட்டார். "போன மாசம் ஆளு எறங்குற அளவு வெடிப்புல்ல இந்த எடத்துல? கிட்டங்கியில இருந்து அண்ணாச்சி பத்து வண்டி பருத்திமாரு அனுப்பினாக. வெடிப்புக்குள்ள திணிச்சு, மேல மண்ணைப் போட்டு, தண்ணி தெளிச்சு உருட்டியாச்சு. இப்பப் பாருங்க, ஒங்க கிண்டி கணக்கா இல்ல?" என்றான் அவன்.

பருத்தி எடுத்த பிறகு மிஞ்சுகிற காய்ந்த செடிக்குச்சிதான் பருத்திமார். எரிக்கவும் அது, கூரைக்கும் அது, வேலிக்கும் அது. வெடிப்புக்கும் அதையே திணிக்கத் தோன்றியது பருத்திக்காரர் மூளைக்கு. தண்ணீர் பட்டதும் மேல்மண் ஊதி மூடிக்கொண்டது. வெயிலில் காய்ந்து மூடி போட்டுவிட்டது. குச்சி அடியில் நொறுங்கிச் சரிந்துவிட்டது. அதுவும் திருப்பத்தின் உள்பக்கம். வண்டிக் குதிரை இஷ்டத்துக்கு அகலமாகத் திரும்பும். பந்தயக் குதிரையை உள்வேலியை உரசித் திரும்பத்தானே பழக்கியிருக்கிறார்கள்? செவலை நேராக இங்கேதான் வரும். கால் ஒடியும். மேலே இருக்கிறவர் தலைகுப்புற விழுவார். அருஞ்சுனைக்கு மகளுடைய வயிறு கண்ணுக்கு முன் வந்து நின்றது.

முழங்கால் கெஞ்சக் கெஞ்ச மடைக்குத் திரும்பி வந்தார். அதற்குள் சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் கரைமேல் ஏறியிருந்தது. பந்தலில் மைக் செட் அலறியது. காசிராஜன் சந்தனமும் வியர்வையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, திருப்பத்துல தரை பொள்ளலா இருக்கு. இன்னைக்கு விட வேணாம்."

"நேத்து முழுக்க உருளை ஓடுச்சுண்ணே. அம்புட்டுக் கனம் உள்ள போகல, குதிரை போயிருமா?"

"உருளை படுத்துல்ல உருளுது? குதிரை குளம்பால குத்தும். ஒரு கடப்பாறை குடுங்க, குத்திக் காட்டுறேன்."

"சூடம் காட்டுன தடத்துல கடப்பாறையா? நல்லாருக்கே!" காசிராஜன் அவர் தோளில் கை போட்டார். கோபமெல்லாம் இல்லை, பாசமாகத்தான் சொன்னார். "ஊட்டி மலையில, கொட்டுற மழையில, சரிவுல ஓட்டி ஜெயிச்ச ஆளு நீங்க. மாப்பிள்ளை எல்லாம் சொல்லியிருக்காரு. இந்த மொட்டைக் கண்மாயிக்கா பயப்படுறீக? மருமகன்னதும் பாசம் வந்து கண்ணை மறைக்குது. வாங்க, நீங்கதான் கொடி அசைக்கணும்."

சொன்ன ஒரு பொய் சுற்றிச் சுற்றி வந்து அவர் வாயையே அடைத்தது. பயப்படுகிற உரிமைகூட ஜாக்கிக்கு இல்லையாம். அருஞ்சுனைக்கு எல்லாம் ஒரேயடியாக அலுத்துப்போனது. கொடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "கிண்டிப் புகழ் அருஞ்சுனை அவர்கள் இப்போது..." என்று அறிவித்துக்கொண்டிருந்தவனிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"நான் குதிரை ஓட்டுனதில்ல," என்றார். மைக் அதை இரண்டு மடங்காக்கிக் கரை முழுக்கக் கொண்டுபோனது. "ஒரு நாளும் குதிரைமேல ஏறுனதில்ல. பந்தயம் முடிஞ்ச பெறகு குதிரை பேத்த புல்லை மிதிச்சு ஒட்ட வைக்கிற வேலைதான் பாத்தேன். இருபத்திரெண்டு வருசம் தரையைத்தான் பாத்தேன். அதனால சொல்றேன். திருப்பத்துல தரை சரியில்ல. ஓட்டாதீக."

எங்கேயோ ஒருவன் சிரித்தான். அது அப்படியே பற்றிக்கொண்டு கரை முழுக்க ஓடியது. "புல்லு மிதிச்சவராம்லே!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் பக்கம் பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு வெள்ளைத்தாயைப் பார்த்தாள். வெள்ளைத்தாய் தரையைப் பார்த்தாள். முருகேஸ்வரி எழுந்து கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள். அருஞ்சுனை நல்லமுத்துவைத் தேடினார். செவலைமேல் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர், தொப்பியைக் கழற்றி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். மாமனார் பக்கம் திரும்பவில்லை. குதிரையை விட்டு இறங்கவும் இல்லை. அத்தனை பேர் சிரிக்கும்போது எந்த ஆம்பளை இறங்குவான்?

காசிராஜன் மைக்கைப் பிடுங்கினார். "பெரியவருக்கு வெயில்ல சித்தம் கலங்கிப் போச்சு! பந்தயம் உண்டு, பந்தயம் உண்டு!" என்றார்.

அருஞ்சுனை கொடியைக் கீழே வைத்துவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கி நடந்தார். வெட்கப்பட்டு ஓடுகிறார் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. வெட்கம் இருந்ததும் நிஜம்தான். தடத்தைச் சுற்றாமல் குறுக்கே, வெடிப்பைத் தாண்டித் தாண்டிப் போனார். பாதி வழியில், பந்தயத்தைத் தொடங்கிவைக்கிற வெடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஓடத்தான் நினைத்தார், முழங்கால் விடவில்லை. கருவேலமரத் திருப்பத்துக்கு வந்து, உள்பக்கம் பொள்ளல் எங்கே தொடங்குகிறதோ அதற்கு நாலு எட்டு முன்னால், தடத்தின் உள்ளோரத்தை மறித்து நின்றார். தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து குதிரைகள் வந்தன. மற்ற நாலும் ஜட்கா மட்டக் குதிரைகள், பின்னால் ஒரு கும்பலாக. செவலை முன்னால் தனியாக, அவர் நினைத்த அதே கோட்டில், உள்ளோரத்தை உரசிக்கொண்டு வந்தது. தரை அதிர்வது உள்ளங்காலில் ஏறியது. இத்தனை வருஷத்தில் குதிரை போன பிறகுதான் அவர் தடத்தில் இறங்கியிருக்கிறார். எதிரே ஒரு குதிரை வருவதை அன்றைக்குத்தான் பார்த்தார். பயமாக இருந்தது. விலகவில்லை.

நல்லமுத்து பார்த்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கடிவாளத்தை வெளிப்பக்கமாக இழுத்தார். செவலை தலையைச் சிலுப்பி, வாய் கிழிய மறுத்து, கடைசியில் திரும்பி, தடத்தை விட்டு விலகிக் கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. பின்னால் வந்தவையும் மிரண்டு அகலமாகச் சுற்றிக்கொண்டு ஓடின. வீரசோழன் ஊரிலிருந்து வந்த வெள்ளை மட்டக் குதிரை ஒன்று ஜெயித்தது. கரைமேல் ஒரே கூச்சல்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. காசிராஜன் கண்மாய்க்குள் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். "அண்ணே" போய் "ஏய்யா" ஆகியிருந்தது. குதிரையைத் தம் ஆளிடம் கொடுத்து, நல்லமுத்துவிடம் பச்சைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பனியனோடு நின்ற மருமகனைப் பார்க்க அருஞ்சுனையால் முடியவில்லை. தரையைக் குத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏச்சிலேயே பொழுது போய்விட்டது. வெயில் சாயும்போது ஜனம் கலைந்து, பஸ்சுக்கும் வண்டிக்கும் போனது. வெள்ளைத்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு அவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அருஞ்சுனை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வீட்டுக்குப் போகிற ஆசையும் இல்லை. மாடு ஓட்டுகிற தார்க்குச்சி ஒன்றை யாரோ பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவேளை தம் காலே தம்மை ஏமாற்றிவிட்டதோ என்று ஒரு சந்தேகம் அவருக்கு வந்திருந்தது. குச்சியை எடுத்து, உட்கார்ந்தபடியே எட்டி, பொருக்கில் ஓங்கிக் குத்தினார். மூடி உடைந்து, குச்சி அவர் பிடித்திருந்த கைவரைக்கும் உள்ளே போனது. உருவி எடுத்தபோது நொறுங்கிய பருத்திமார் ஒட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் ஆள் நிற்பது தெரிந்து திரும்பினார். நல்லமுத்து, அதே பனியனோடு, கையில் அந்தத் தொப்பியோடு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளா மாப்பிள்ளை," என்றார் அருஞ்சுனை. குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"பாத்தேன் மாமா." நல்லமுத்து தொப்பியைக் கையில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க ஜாக்கின்னுதான மாமா நான் அந்தக் குதிரைமேல ஏறுனேன்? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இல்லைன்னு சொல்லியிருந்தா, நான் ஏறியிருக்கவே மாட்டேன்," என்றார்.

கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். அருஞ்சுனைக்கு வந்த கொஞ்ச உயிரும் போய்விட்டது. வெடிப்பைப் பருத்திமாரால் மூடியது காசிராஜன் என்று காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். தாம் மூடி வைத்ததன்மேல்தான் இந்தப் பிள்ளை இத்தனை நாளும் நடந்து வந்திருக்கிறது. நினைக்க நினைக்க அழுகை வந்தது. துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டு, "தப்புதான் மாப்பிள்ளை. என் தப்புதான்," என்றார்.

நல்லமுத்து தொப்பியை மாமனார் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இனி மருமகன் வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று அருஞ்சுனை நினைத்துக்கொண்டிருக்கும்போது, கரை ஓரத்துக் கெட்டித் தரையில் சலங்கைச் சத்தம் கேட்டது. மருமகனுடைய வண்டி. திருப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, இறங்கி வந்து, அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"நடக்க முடியாதுல்ல ஒங்களால. ஏறுங்க," என்றார் முகத்தைப் பார்க்காமல்.

முன்பக்கம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வண்டி கண்மாயைக் கடந்து ஊர்ப்பாதையில் ஏறியது. பாதை கரிசல் காட்டுக்குள் இறங்குகிற இடத்தில், வெளிச்சம் மங்கிப் புழுதி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்தது. தினமும் அந்த வழியில் போய் வருகிற வண்டிக்காரர்தான் நல்லமுத்து. இருந்தும் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினார். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இங்க எப்படி மாமா?"

அருஞ்சுனை பாதையைப் பார்த்தார். "எறங்கி மிதிச்சாத்தான் தெரியும் மாப்பிள்ளை. தெரியாம சொல்லக் கூடாது," என்றார்.

நல்லமுத்து வண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அருஞ்சுனை தொப்பியை இருக்கையில் வைத்துவிட்டு, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கக் கீழே இறங்கினார்.